‘கட்டுப்பாடு’ என்னும் கூக்குரல்

நமது பழைய தமிழ் வேதாகமத்தில் ஏசாயா 8:12ஐ வாசிக்கும் இக்கால இறையியல் மாணவர் பெரும்பாலும் தடுமாறுகின்றனர். இந்த ஜனங்கள் ‘கட்டுப்பாடு’ என்று சொல்வதையெல்லாம் நீங்களும் அவ்வாறு சொல்லவேண்டாம் என்று தீர்க்கதரிசிக்குக் கட்டளை பிறக்கிறது. கட்டுப்பாடு என்றால் ஒழுங்கு என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இதன் பொருள் விளங்குவதில்லை. மூலமொழியில் நிற்கும் சொல் ‘கெஷெர்’. கட்டுதல், முடிச்சிடுதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்தது. பலர் இரகசியமாய்த் தங்களைப் பிணைத்துக்கொண்டு ஒருவனுக்கு எதிராக எழுவதைக் குறிப்பது. இன்று நாம் சதி என்கிறோம். மொழிபெயர்ப்பாளர் மூலச்சொல்லின் வேரை விடாமல் ‘கட்டு’ என்றே வைத்தது நல்லதாயிற்று. சில உரையாசிரியர் இவ்விடத்தில் கெஷெரை ‘கடோஷ்’, அதாவது பரிசுத்தம், என்று திருத்தி வாசிக்க முற்பட்டனர். அத்திருத்தம் வேண்டுவதில்லை, உள்ளபடியே வாசகம் பொருள் தருகிறது.

பழைய ஏற்பாட்டில் இச்சொல்லை யார் வாயில் கேட்கிறோம் என்று பார்ப்பது பயனுள்ளது. அத்தாலியாள் தேவாலயத்தில் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு இரண்டுமுறை கூவுவது இச்சொல்லையே (2 இராஜாக்கள் 11:14). அரச வம்சத்தைக் கொன்று ஆண்டவள் அவள். ஆமோஸ் உமக்கு விரோதமாய்க் கட்டுப்பாடு பண்ணுகிறான் என்று யெரொபெயாமுக்குச் சொல்லி அனுப்புகிறவன் பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா (ஆமோஸ் 7:10). நீங்களெல்லாரும் எனக்கு விரோதமாய்க் கட்டுப்பாடு பண்ணினீர்கள் என்று குமுறுகிறவன் சவுல் (1 சாமுவேல் 22:8). மெய்யான சதிகளும் வேதத்தில் உண்டு. அப்சலோமின் கலகம் அத்தகையது. ஆயினும் சதி என்ற கூக்குரல் மிகுதியும் ஆளுகிறவர் தொண்டையிலிருந்தே எழும்புகிறது என்பது கவனித்தற்குரியது.

இச்சொல்லை நாம் ஆராய எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சேலம், நாமக்கல் சமவெளியில் அதற்கு இன்னொரு பொருளும் வழங்குவதே. ஊர்க் கட்டுப்பாடு, சாதிக் கட்டுப்பாடு என்ற சொற்களை அறியாத ஆயர் இப்பகுதியில் இருக்கமுடியாது. எவன் எந்தத் தெருவில் செருப்பணிந்து நடக்கலாம், எவள் யாரை மணக்கலாம் என்று விதிக்கும் கட்டு அது. பழைய தமிழ் வேதாகமத்தின் கட்டுப்பாடு ஒருபுறம், ஊரின் கட்டுப்பாடு மறுபுறம். அவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் கண்டோம்.

2015ஆம் ஆண்டின் முதற்பாதியில் அம்மலையைச் சுற்றி இரு நிகழ்ச்சிகள் நடந்தன. முதலாவது யாவரும் அறிந்தது. நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராயிருந்த பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்த நாவல். நான்கு ஆண்டுகள் அதை யாரும் எதிர்க்கவில்லை. 2014 டிசம்பரில் நூலின் சில பக்கங்கள் படியெடுக்கப்பட்டு ஊரெங்கும் வழங்கப்பட்டன, நூல் கொளுத்தப்பட்டது, 2015 ஜனவரி 9இல் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. நாவலாசிரியர் தம் ஆய்வுக்கு ஓர் அறக்கட்டளையின் நல்கை பெற்றதை மறைக்காமல் எழுதியிருந்தார்; அதுவும் சர்ச்சைக்குள் இழுக்கப்பட்டது. ஜனவரி 12இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ‘சமாதானப் பேச்சு’ நடந்தது. நிபந்தனையற்ற வருத்தமும், விற்காத படிகளைத் திரும்பப் பெறும் உறுதியும் அங்கே அவரிடம் எழுதி வாங்கப்பட்டன. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தது அதன்பின்னரே. 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தனர்.

இரண்டாவது நிகழ்ச்சி உயிரைப் பறித்தது. சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த பொறியியற் பட்டதாரி கோகுல்ராஜ், தலித் இளைஞர். 2015 ஜூன் 23இல் தம்முடன் படித்த, வேறு சாதியைச் சேர்ந்த பெண்ணொருத்தியோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கூட்டத்தாரால் அழைத்துச் செல்லப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே இரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. தற்கொலை என்று காட்ட ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் தலைவர் யுவராஜ் உள்ளிட்ட பதின்மரை மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் குற்றவாளிகள் என்று கண்டது. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதிகள் 2023 ஜனவரியில் மலைக்கோயிலுக்கே நேரில் வந்து பார்வையிட்டு, ஜூன் 2இல் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தனர். கோயிலின் கண்காணிப்புக் காமிரா பதிந்த காட்சிகள் அவ்வழக்கில் முக்கிய சான்றாயின.

அர்த்தநாரீசுவரர் ஆணும் பெண்ணும் ஓருருவாய் நிற்கும் தெய்வம் என்பதை எவரும் அன்று நினைத்ததாகத் தெரியவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் அடியில் ஓடிய நூல் ஒன்றே: நம் பெண்களுக்கும் நம் குலத்தின் மானத்துக்கும் எதிராக யாரோ திட்டமிட்டு வேலைசெய்கிறார்கள் என்னும் நம்பிக்கை. இதற்கு ‘நாடகக் காதல்’ என்று பெயரிட்டு அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தது 2012ஆம் ஆண்டு. அவ்வாண்டு நவம்பர் 7இல் பழைய சேலம் ஜில்லாவின் பகுதியாயிருந்த தருமபுரியில், ஒரு கலப்பு மணத்தை முன்னிட்டு, நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. அதற்கு அடுத்த மாதமே பா.ம.க. நிறுவனர் மருத்துவர் இராமதாசு பல சாதிகளின் தலைவர்களைச் சென்னையில் கூட்டினார். தலித் இளைஞர் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் கூலிங்கிளாஸும் அணிந்து பிற சாதிப் பெண்களைக் கவர்ந்து, பின்பு பணம் பறிக்கத் திட்டமிடுகிறார்கள் என்பது அக்காலத்தில் மேடைதோறும் ஒலித்த குற்றச்சாட்டு. எரிந்தவை தலித் வீடுகள். ஆயினும் சதிக்கு உள்ளானவர் என்று எண்ணப்பட்டவரோ மறுதரப்பார்.

இந்தக் கருத்தை ஒரு நூலைத் திறனாய்வது போல் நாம் அணுகவேண்டும். அதற்குச் சரியான இணைவாசகம் 1 சாமுவேல் 22ஆம் அதிகாரம். சவுல் மரத்தடியில் ஈட்டியைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறான். சுற்றிலும் ஊழியக்காரர். அவன் அவர்களை எப்படி விளிக்கிறான் என்று பாருங்கள்: பென்யமீன் புத்திரர் என்று. இஸ்ரவேலின் இராஜா தன் கோத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் பேசத் தொடங்குகிறான். ஈசாயின் குமாரன் உங்களுக்கு வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் கொடுப்பானோ, ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் தலைவராக்குவானோ என்று கேட்கிறான். சாதி, நிலம், பதவி ஆகிய மூன்றையும் தொட்ட பின்னரே சதி என்னும் சொல் வருகிறது. அடுத்து, தனக்காக வருத்தப்படுகிறவன் ஒருவனும் இல்லை என்கிறான். கோபமும் தன்னிரக்கமும் சேர்ந்த இப்பேச்சை நம் பகுதியின் சாதி மாநாடுகளில் கேட்டவர்களுக்கு இந்த அதிகாரம் அந்நியமாய்த் தோன்றாது.

பின்பு தோவேக்கு ஒரு செய்தி சொல்லுகிறான். அது முழுப்பொய்யன்று. அகிமெலேக்கு தாவீதுக்கு அப்பமும் கோலியாத்தின் பட்டயமும் கொடுத்தது உண்மையே. அந்த ஒரு துண்டு உண்மையைச் சுற்றிப் பெருங்கதை பின்னப்படுகிறது. அகிமெலேக்கு எனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று விளக்கம் சொல்லுகிறான். விளக்கமே குற்றத்துக்குச் சான்றாகிவிடுகிறது. எண்பத்தைந்து ஆசாரியர் வெட்டப்படுகின்றனர். நோபு என்னும் பட்டணத்தில் குழந்தைகளும் ஆடுமாடுகளும் தப்பவில்லை. சதி என்று அஞ்சியவன் செய்த கொலை, எந்தச் சதியும் செய்திருக்கக்கூடியதினும் பெரிது. திருச்செங்கோட்டிலும் இவ்வாறே ஆயிற்று: காதல் என்ற பெயரில் கூட்டுச்சதி நடக்கிறது என்று அஞ்சியவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் கடத்தல், கொலை ஆகியவற்றுடன் கூட்டுச்சதியும் இருந்தது.

இத்தகைய நம்பிக்கை அறியாமையின் விளைவு, கல்வி பெருகினால் ஒழியும் என்று கருதுவோர் நம்மிலும் உண்டு. அக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகத் தமிழகமெங்குமிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் உறைவிடப் பள்ளிகள் நிறைந்த மாவட்டம் நாமக்கல். திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. நாமக்கல்லின் லாரி, கோழிப்பண்ணைத் தொழில்களை அறியாதவர் இல்லை. இவர்கள் கணக்கறியாதவர் அல்லர், உலகறியாதவரும் அல்லர். ஊர்க்கிணறு வற்றிய பின் பூமியின் அடியாழத்தைத் துளைத்து நீரைத் தேடக் கற்றுக்கொண்ட மக்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அடியில் இருக்கிறது, துளைத்தால் கிடைக்கும் என்பது நீர் விஷயத்தில் நல்ல கொள்கை. அயலான் மனத்தைப் பற்றிக் கொள்ளும்போது அது கொடுமையாகிறது.

அப்படியாயின் வேர் எங்கே? இப்பகுதியில் மணப்பெண் கிடைக்காத ஆண்கள் பலர். முப்பத்தைந்தைக் கடந்தும் பெண் தேடி, இறுதியில் பாலக்காட்டுப் பக்கம் சென்று மணம் முடிக்கும் வழக்கம் பெருகியுள்ளது. பெருமாள்முருகனின் ‘கங்கணம்’ இத்துயரத்தைப் பொருளாகக் கொண்ட நாவல். பெண்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு விடை மறைவானதன்று. பெண்சிசுக் கொலை மிகுந்திருந்ததாலேயே 1992இல் தமிழக அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. பிறந்த பெண் குழந்தையை வாழவிடாதவர்களும், கருவிலேயே கண்டறிந்து அழித்தவர்களும் எந்த அந்நியரும் அல்லர். ஆனால் இவ்வுண்மையைச் சொல்வதற்குத் தன் வீட்டுக் கதவையே திறக்கவேண்டும். ஜீன்ஸ் அணிந்த வாலிபன் நம் பெண்களைக் கொண்டுபோகிறான் என்று சொல்வதற்கு அது வேண்டியதில்லை. 2011-12ஆம் ஆண்டின் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி நாட்டில் நடந்த திருமணங்களில் சாதி கடந்தவை ஏறத்தாழ 5 விழுக்காடே. இவ்வளவு சிறிய எண்ணிக்கையா ஒரு சமுதாயத்தின் பெண்கள் அனைவரையும் கொள்ளையிட்டது?

தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் ‘திறந்த சமுதாயமும் அதன் பகைவரும்’ என்ற நூலில் இத்தகைய எண்ணத்தை மதநம்பிக்கையின் எச்சமென்று விளக்கினார். ஹோமரின் காவியத்தில் போரின் வெற்றி தோல்விகளைத் தேவர்களின் சூழ்ச்சி தீர்மானித்தது. தேவர்களைக் கைவிட்ட மனிதன் அவர்கள் இருந்த இடத்தில் வலிமைமிக்க மனிதர் சிலரை அமர்த்திக்கொண்டான் என்பது அவர் கருத்து. இதில் பாதியை நாம் ஒப்புக்கொள்கிறோம். தெய்வ நம்பிக்கை குன்றாத கொங்குச் சமவெளியில் இது தழைப்பதை அவர் விளக்கம் காட்டவில்லை. ஏசாயா இன்னும் ஆழமாகச் செல்கிறார். ஜனங்கள் பயப்படுகிறதற்குப் பயப்படாதீர்கள், சேனைகளின் கர்த்தரே உங்கள் பயமாயிருக்கட்டும் என்பதே அவர் செய்தியின் சாரம். இங்கே கேள்வி கடவுள் இருக்கிறாரா என்பதன்று. எதற்கு அஞ்சுகிறோம் என்பது. ரேத்சீனும் பெக்காவும் உடன்படிக்கை செய்துகொண்டு எருசலேமுக்கு எதிராக வந்தது மெய். ஆகாஸ் அதற்கு அஞ்சி ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரியனுக்குக் காணிக்கையாக அனுப்பினான் (2 இராஜாக்கள் 16:8). அயலூர்ச் சிற்றரசர் இருவருக்குப் பயந்தவன் பேரரசனுக்கு அடிமைச்சீட்டு எழுதிக் கொடுத்தான்.

மக்களாட்சியில் அடிமைச்சீட்டு வாக்குச்சீட்டின் உருவில் வருகிறது. விலைவாசி, தண்ணீர், விசைத்தறிக் கூலி ஆகியவை பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் ஒதுங்கிப்போகின்றன. எங்களை யார் காப்பார் என்ற ஒரே கேள்வி நிற்கிறது. எதிர்த்து நிற்பவன் மாற்றுக்கருத்துடையவன் என்ற நிலைபோய்ப் பகைவனின் கையாள் ஆகிறான். அவனோடு பேச்சுக்கு இடமில்லை. ‘சமாதானக் கூட்டம்’ மட்டும் உண்டு. நாமக்கல்லில் நடந்ததைச் சமாதானம் என்று அழைக்க நம் நா எழவில்லை. அங்கே சட்டத்தின் காவலர் சட்டத்தைத் தராசின் ஒரு தட்டிலும், தெருவின் கூச்சலை மறுதட்டிலும் வைத்து, கனமானதன் பக்கம் சாய்ந்தனர்.

இதற்கு எதிரான ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் நாமக்கல் தொகுதியைப் பெற்ற கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி முதலில் அறிவித்த வேட்பாளர், தம் சாதிப் பெண்களை மணக்கும் வேற்றுச் சாதியாரைக் கொல்வதுபற்றி முன்பு பேசிய காணொளி வெளிவந்தது. சில நாட்களில் கட்சி வேறொருவரை நிறுத்தியது, அவர் வென்றார். மனமாற்றமா, தேர்தல் கணக்கா என்று கேட்கலாம். கணக்கேயானாலும், அப்பேச்சு வெளிச்சத்தில் நிற்கமுடியாது என்ற கணக்கு மக்களாட்சிக்குக் கிடைத்த சிறிய இலாபமே.

அமத்சியாவின் வழியை அரசுகளும் விடவில்லை. 1975 ஜூனில் நெருக்கடி நிலையை அறிவித்த இந்திரா காந்தி அம்மையார் வானொலியில் ஆழ்ந்த, பரந்த சதியைப் பற்றியே பேசினார். 2012இல் கூடங்குளம் அணுவுலையை எதிர்த்த மீனவர்களுக்குப் பின்னால் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங் கூறினார். 2018இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்காகத் தம் நிலத்தில் கல் நடப்பட்டபோது சேலத்து விவசாயிகள் அழுதனர். அவர்களுக்காகப் பேசியவர்கள் கைதாயினர். தூண்டிவிடுகிறார்கள் என்பதே அவர்கள்மேல் சுமத்தப்பட்ட குறை. தன் தென்னையை இழக்கப்போகிறவன் அழுவதற்கு ஒரு தூண்டுதல் வேண்டுமா? ஆமோஸ் காட்டத்திப்பழம் பொறுக்குகிறவன் என்பதை அமத்சியாவும் எண்ணிப்பார்க்கவில்லை.

சதியே உலகில் இல்லை என்று நாம் போதிக்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 23ஆம் அதிகாரத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் பவுலைக் கொல்லச் சபதம் செய்கின்றனர். அதைக் கேள்விப்பட்ட பவுலின் சகோதரி மகன் செய்வதைக் கவனியுங்கள். தெருவில் கூவவில்லை. சேனாபதியிடம் தனியே சென்று எத்தனைபேர், எப்பொழுது, எந்தச் சாக்கை வைத்து, எந்த இடத்தில் என்று சொல்லுகிறான். ஒவ்வொன்றையும் சரிபார்க்கமுடியும்; பொய்யானால் மறுநாளே வெளிப்படும். ‘நாடகக் காதல்’ போன்ற கதைகளில் இவ்விவரங்களுள் ஒன்றும் இராது. யார் பணம் கொடுத்தது, எங்கே பயிற்சி நடந்தது என்று கேட்டால், இதைக்கூடக் கேட்கவேண்டுமா, ஊருக்கே தெரியுமே என்ற பதில் வரும். கோகுல்ராஜ் வழக்கில் நீதிமன்றம் மருமகனின் வழியில் நடந்தது: நாள், நேரம், காமிராப் பதிவு, வண்டி, தொலைபேசி.

திருச்சபையும் இத்திறனாய்வுக்குத் தப்பமுடியாது. நம்மைப் பற்றிய சதிக்கதைகளை நாம் நன்கு அறிவோம். 1956இல் மத்தியப்பிரதேசத்தில் நியோகி குழுவின் அறிக்கை நம் மதமாற்றப் பணியை உலகளாவிய மேலைநாட்டுத் திட்டத்தின் பகுதியென்று எழுதியது முதல், இன்று ஒரு ஜெபவீட்டுக்கு ஓடு மாற்றினால்கூட அந்நியப் பணம் என்று எழும் பேச்சுவரை, இச்சொல்லின் அடி நம் முதுகில் பட்டிருக்கிறது. ஆயினும் நம் பிரசங்க பீடங்களில் நடப்பது என்ன? 1981இல் கிரீஸ் சேர்ந்து ஐரோப்பியப் பொதுச் சந்தைக்குப் பத்து உறுப்பினர் ஆனபோது, மிருகத்தின் பத்துக் கொம்புகள் என்று பிரசங்கித்தவர் பலர். 1986இல் பன்னிரண்டானபோது அவர்களில் எவரும் திரும்பிவந்து விளக்கியதாகத் தெரியவில்லை. கொம்பு போய்ப் பட்டைக்கோடு வந்தது, பின்பு ‘இலுமினாட்டி’, பின்பு தடுப்பூசிக்குள் மிருகத்தின் முத்திரை. கொரோனாக் காலத்தில் தடுப்பூசிக்குச் சபையாரைத் தயங்கச்செய்த குறுஞ்செய்திகளில் வேத வசனங்கள் தாராளமாயிருந்தன. 2020இல் டெல்லி தப்லீக் மாநாட்டை முன்னிட்டு முஸ்லிம்கள் வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறார்கள் என்ற பழி பரவியபோது, அதைப் பகிர்ந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தனர்.

இப்பழக்கம் புதிதன்று. 1349 பெப்ரவரியில் ஸ்திராஸ்பூர்க் நகரில், கிணறுகளில் நஞ்சிட்டுக் கொள்ளைநோயைப் பரப்பினார்கள் என்ற பழியின்பேரில் நூற்றுக்கணக்கான யூதர் எரிக்கப்பட்டனர். எரித்தவர் திருமுழுக்குப் பெற்றவர். யூதர் உலகை ஆளத் திட்டமிடுகிறார்கள் என்று கூறும் போலி ஆவணமாகிய ‘சீயோன் மூப்பரின் நெறிமுறைகள்’ 1921இலேயே இலண்டன் ‘டைம்ஸ்’ இதழால் போலியென்று நிறுவப்பட்ட பின்னும் உலகெங்கும் அச்சாயிற்று. ‘இலுமினாட்டி’ப் பிரசங்கத்தின் சரக்கில் பெரும்பகுதி அந்தக் கிடங்கிலிருந்து வந்ததே என்று அறியாமலே நம் இளைஞர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யோவான் சுவிசேஷத்தில் ‘யூதர்’ என்று வருமிடமெல்லாம் ஓர் இனம் முழுவதையும் நிறுத்தி வைக்கும் பெரிய வெள்ளிப் பிரசங்கங்களை மாணவர் இனியேனும் கைவிடவேண்டும். சுவிசேஷகர் காய்பா, அன்னா, பிலாத்து என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்.

சேலம், நாமக்கல் சபைகளில் பணியாற்றப் போகும் மாணவருக்கு ஒன்று சொல்லவேண்டும். சபையின் வாட்ஸ்அப் குழுவில் இத்தகைய செய்தி வரும் நாள் தப்பாது. அனுப்பியவர் சபைப் பொருளாளராகவோ, ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்த பெரியவராகவோ இருப்பார். யார், எங்கே, எப்பொழுது என்று பவுலின் மருமகனிடம் சேனாபதி கேட்டிருக்கக்கூடிய மூன்று கேள்விகளை ஆயர் அங்கே கேட்கவேண்டும். கேட்டால் சிலர் முகம் திரிப்பர். காணிக்கை குறையவும் கூடும். அடுத்த சபைக்கூட்டத்தில் ஐயருக்கு அரசியல் எதற்கு என்று ஒருவர் எழும்பிக் கேட்பார். அப்போது 1 சாமுவேல் 22ஐ எடுத்து, எண்பத்தைந்து பேர் என்ற எண் வரும்வரை நிறுத்தாமல் வாசிக்கலாம்.